உதிரிபாகம் இல்லாத கேமராக்கள்

நூறு வயதைத் தாண்டிய லண்டன் தட்டுக் கேமரா ஒன்றில் ஒரு பாகம் உடைந்தால், செய்த கம்பெனியே இல்லையே, உதிரிபாகத்துக்கு எங்கே போவது என்ற கவலை எழும். உண்மையில், கம்பெனி நடந்த நாளிலும் அந்த மரக் கேமராக்களுக்கு இன்று நாம் நினைக்கும் பொருளில் உதிரிபாகம் பெரும்பாலும் இருந்ததில்லை. லூயி கண்டால்ஃபி 1885-இல் லண்டனில் தொடங்கிய பட்டறையை எடுத்துக்கொள்ளலாம். அவருக்குப் பின் மகன்கள் தெற்கு லண்டனின் பெக்கம் பகுதியில் 1980-களின் தொடக்கம் வரை அதே தொழிலைச் செய்தார்கள். மஹோகனிப் பலகையை இழைத்து, பித்தளைத் தகட்டை அறுத்து அராவி, அந்தந்தக் கேமராவுக்கு அந்தந்தக் கீலைப் பொருத்தினார்கள். ஒன்றின் பின்பலகை இன்னொன்றில் அப்படியே உட்காரும் என்பதற்கு உறுதி கிடையாது. ஆகவே இத்தகைய கேமராவின் ஆயுள் கம்பெனியின் ஆயுளோடு கட்டுண்டதல்ல. பாகம் கையால் செய்யக்கூடியதாக இருந்தால் செய்துகொள்ளலாம். ஊர் முழுக்க ஒப்புக்கொண்ட அளவில் இருந்தால் தேடி எடுக்கலாம். இரண்டிலும் சேராத பாகம்தான் அனாதை.

ஒப்புக்கொண்ட அளவுகளின் கதையும் லண்டனைச் சேர்ந்ததே. லாம்பெத்தில் இருந்த ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை கற்ற ஜோசப் விட்வொர்த், 1841-இல் திருகு மரைகளுக்கு 55 பாகைக் கோணத்தில் ஒரு பொது அளவை முன்வைத்தார். அதே கோணத்தைக் கொண்டு லண்டன் நுண்ணோக்கிச் சங்கம் 1858-இல் நுண்ணோக்கி லென்ஸுக்கு 0.8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 36 மரை என்று விதித்தது. அந்த மரை இன்றும் புதிய நுண்ணோக்கிகளில் வருகிறது. புகைப்படச் சங்கமும் 1880-களில் லென்ஸை முன்பலகையில் பிடிக்கும் பித்தளை வளையத்துக்கு இப்படியொரு வரிசையை வகுத்தது. சிறு திருகுகளுக்கு 1884-இல் பிரிட்டிஷ் அசோசியேஷன் அளவு வந்தது. இவற்றில் எதையும் ஒரு கேமராக் கம்பெனி தனியாக விதிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ராஸ் அல்லது டால்மேயர் லென்ஸை வாங்கியவர் அதை வேறொருவர் செய்த பெட்டியில் மாட்டினார். இரண்டு தொழில்கள் சந்தித்த இடத்தில்தான் பொது அளவு தேவைப்பட்டது. வளையம் தொலைந்துபோன டால்மேயர் லென்ஸுக்கு இன்று எந்தக் கடைசல்காரரும் மரை எண்ணிப் புது வளையம் கடைந்து தர முடிவது அதனால்தான்.

மரமும் பித்தளைத் தகடும் அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றன. கேம்பிரிட்ஜ் தச்சர் ஃபிரெடரிக் சாண்டர்சன் 1895-இல் காப்புரிமை பெற்ற கேமராவை லண்டனின் ஹௌட்டன் நிறுவனம் விற்றது. உயர்ந்த கட்டடங்களைக் கோணல் இல்லாமல் எடுக்க உதவிய அதன் சூட்சுமம், லென்ஸ் பலகையின் இருபுறமும் உள்ள நீள்துளையிட்ட பித்தளைப் பட்டைகளில் இருக்கிறது. ஹை ஹோபர்னில் இருந்த ஹௌட்டனின் கட்டடம் 1940 செப்டம்பர் குண்டுவீச்சில் அழிந்தது. அதனால் சாண்டர்சன் கேமரா செத்துவிடவில்லை. ஒருபக்கப் பட்டை உடைந்தால் மறுபக்கப் பட்டையே அதற்கு வரைபடம். துருத்தியும் அப்படித்தான்: பழையதைப் பிரித்து மடிப்புகளை எண்ணினால் புதிதை வெட்டிவிடலாம்.

கைத்திறனே அருகிவிட்ட காலத்தில் இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று ஒருவர் மறுக்கலாம். கூலி கேமராவின் விலையையே மிஞ்சிவிடும் என்பதும் உண்மை. நான் இதை விலையைப் பற்றிய மறுப்பாக ஏற்கிறேன்; முடியாது என்பதற்குச் சான்றாக ஏற்க மாட்டேன். கண்டால்ஃபி குடும்பத்துக்கு இருந்த கைநயம் ஒரு முழுக் கேமராவைச் செய்யத் தேவை. ஒரு கீலைச் செய்ய அரமும் பொறுமையும் போதும். இன்று பலர் லென்ஸ் பலகையை முப்பரிமாண அச்சில் எடுத்துக்கொள்கிறார்கள். அழகு குறைவுதான், ஆனால் ஒளி கசியாது.

இதைவிட வலுவான மறுப்பு தட்டுறையிலிருந்து வருகிறது. ஒளிபடாமல் கண்ணாடித் தட்டைச் சுமக்கும் இந்த மர உறையை லண்டன் பட்டறைகள் புத்தகம்போல் திறக்கும்படி, அந்தக் கேமராவின் பின்புறத்துக்கென்றே இழைத்துக் கொடுத்தன. தட்டின் அளவு பொதுவானது: முழுத்தட்டு என்றால் எல்லோருக்கும் 8½ × 6½ அங்குலம். அந்த அளவில் ஃபிலிமைக்கூட இல்ஃபோர்டு ஆண்டுதோறும் தனி ஆர்டர் எடுத்து வெட்டித் தருகிறது. உறைக்குத்தான் பொது அளவு இல்லை. தட்டின் முகம், குவியம் பார்க்கும் தேய்த்த கண்ணாடி இருந்த அதே தளத்தில் நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் படம் மங்கும். செய்யலாம், ஆனால் பட்டையைப் போல் எளிதல்ல. இது என் வாதத்தை உடைக்கவில்லை. அனாதை யார் என்பதைக் காட்டுகிறது. லண்டனின் தென்மேற்கு ஓரத்தில் கிங்ஸ்டனில் இயங்கிய எம்.பி.பி. என்னும் மைக்ரோ பிரிசிஷன் புராடக்ட்ஸ் இதற்கு நேர் எதிர். அதன் உலோகக் கேமராவான மார்க் ஏழு, உலகப் பொதுவான 4 × 5 அங்குல ஃபிலிம் உறைகளை ஏற்கும். அவை இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. ஆனால் அதன் தூரமானிக்கு லென்ஸின் குவியத்தூரத்தை ஒட்டி இழைத்த கேம் தகடு வேண்டும். அது தொலைந்தால், தூரமானியைக் கைவிட்டுத் தேய்த்த கண்ணாடியில்தான் குவியம் பார்க்க வேண்டும்.

பழைய லண்டன் மரக் கேமரா வாங்க நினைப்பவர்கள் துருத்தியில் ஓட்டை இருக்கிறதா, பித்தளை கறுத்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், அதனுடன் பிறந்த தட்டுறைகள் கூடவே வருகின்றனவா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் பேரத்தைப் பாதி விலையிலிருந்து தொடங்குங்கள்.