டயலுக்குப் பூட்டு, விரலுக்கு வேலை

டெலிபோனுக்குப் பூட்டுப் போட்ட காலம் ஒன்று உண்டு. கறுப்பு டெலிபோன், நடுவில் சுழலும் வட்டம், அதில் விரல் விடப் பத்து ஓட்டை. ஒரு ஓட்டையில் சின்னப் பூட்டைச் செருகிவிட்டால் டயல் சுற்றாது. கும்பகோணத்துப் பாத்திரக் கடையோ தஞ்சாவூர் அரிசி மண்டியோ, முதலாளி வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போது சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவார். வருகிற போனை எடுக்கலாம், வெளியே யாரையும் கூப்பிட முடியாது. முதலாளி அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்!

பூட்டியது டயலைத்தான், லைனை அல்ல. டயல் செய்யும் வேலை ஒன்றே ஒன்று. 5 என்று சுற்றினால் லைனை ஐந்து முறை வெட்டி வெட்டி விடும், 0 என்றால் பத்து முறை. வேகம் நொடிக்குச் சுமார் 10 வெட்டு. அதை எண்ணித்தான் எக்ஸ்சேஞ்ச் நம்பரைப் புரிந்துகொள்ளும். ரிசீவர் உட்காரும் இடத்தில் இருக்கும் பொத்தானை அமுக்கினாலும் லைன் வெட்டும். ஆகவே அந்தப் பொத்தானைச் சீராகத் தட்டத் தெரிந்தவனுக்கு டயலே தேவையில்லை. சென்னையின் 044க்கு 18 தட்டு, கும்பகோணத்தின் 0435க்கு 22 தட்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் கொஞ்சம் நிறுத்த வேண்டும். தாளம் தப்பினால் யார் வீட்டிலோ மணி அடிக்கும். தாளம் தெரிந்த ஊரில் இதெல்லாம் பெரிய கஷ்டமா என்ன?

இதே வித்தையை அமெரிக்காவில் ஐந்து வயதில் தானாகவே கண்டுபிடித்தான் ஒரு சிறுவன். ஜோ எங்கிரேசியா என்று பெயர், 1949ல் பிறந்தவன், பிறவியிலேயே கண் தெரியாது. ஏழு வயதில் இன்னொன்றும் கண்டுபிடித்தான். போனில் பேசும்போது ஒரு குறிப்பிட்ட சுருதியில் விசிலடித்தால் நெடுந்தூர லைன் சட்டென்று துண்டித்துக்கொண்டது. 2600 ஹெர்ட்ஸ் என்ற அந்த ஒலிதான் "இந்த லைன் காலி" என்று ஏ.டி. அண்ட் டி. கம்பெனியின் எக்ஸ்சேஞ்சுகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் அடையாளம். கேப்டன் கிரன்ச் என்ற காலை உணவு டப்பாவில் இலவசமாக வந்த பிளாஸ்டிக் விசிலும் அதே சுருதியைத் தந்தது. ஜான் டிரேப்பர் என்பவருக்கு அந்தப் பெயரே பட்டப்பெயராகிவிட்டது. 1971 அக்டோபரில் எஸ்கொயர் பத்திரிகையில் ரான் ரோசன்பாம் இவர்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதைப் படித்துவிட்டு ஸ்டீவ் வாஸ்னியாக்கும் ஸ்டீவ் ஜாப்ஸும் இலவசமாகப் பேச உதவும் 'நீலப் பெட்டி' செய்து விற்றார்கள். ஆப்பிள் கம்பெனி அதற்குப் பிறகுதான்.

அந்த விசில் தஞ்சாவூரில் எடுபட்டிருக்காது. காரணம் எளிது. இந்தியாவில் முதல் எஸ்.டி.டி. வசதி 1960ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே வந்தது. மற்ற ஊர்களுக்கு அது மெல்ல மெல்லத்தான் பரவியது. அதுவரை வெளியூருக்குப் பேச டிரங்க் கால் 'புக்' செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நடுவில் ஆபரேட்டர் அம்மா உட்கார்ந்திருப்பார். விசிலடித்தால் அவர் காதில்தான் விழும், திட்டுதான் கிடைக்கும். அவசரம் என்றால் 'அர்ஜென்ட்', அதைவிட அவசரம் என்றால் 'லைட்னிங்'. லைட்னிங் காலுக்குச் சாதாரணக் கட்டணத்தைப் போல எட்டு மடங்கு! எனவே நம்மூர்க்காரர்கள் துழாவியது மின்சுற்றை அல்ல, கட்டணப் பட்டியலை.

1984ல் சி-டாட் நிறுவனம் தொடங்கியது. சாம் பிட்ரோடா தலைமையில் இளம் எஞ்சினியர்கள் சேர்ந்து ஏ.சி. இல்லாமல் வெயிலிலும் புழுதியிலும் ஓடக்கூடிய கிராம எக்ஸ்சேஞ்சை உருவாக்கினார்கள். முதலாவது 1986ல் கர்நாடகாவின் கிட்டூரில் நிறுவப்பட்டது. அடுத்த பத்து வருஷத்தில் மஞ்சள் போர்டு வைத்த எஸ்.டி.டி. பூத் இல்லாத கடைத்தெருவே டெல்டாவில் இல்லை என்றாகிவிட்டது. கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு ஸ்டூல், தலைக்கு மேல் சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், ராஜகிரி போன்ற ஊர்களில் ஐ.எஸ்.டி.க்குத்தான் மவுசு. வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருந்தால் வேறெப்படி இருக்கும்? எஸ்.டி.டி. பேசுபவர்கள் இரவுக்குக் காத்திருப்பார்கள். நேரம் ஏற ஏறக் கட்டணம் பாதி, கால் என்று இறங்கும். பகலில் காலியாகக் கிடந்த பூத்தில் ராத்திரி வரிசை நிற்கும்.

யாரை ஏமாற்றுகிறோம் என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. அமெரிக்க இளைஞர்கள் விளையாடியது ஒரு ராட்சசக் கம்பெனியோடு. நஷ்டம் அதற்கு உறைக்கக்கூட இல்லை என்று அவர்கள் நியாயம் சொல்லிக்கொள்ளலாம். நம்மூர் பூத் அப்படியல்ல. பூத் உரிமம் தரும்போது மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்னாள் ராணுவத்தினருக்கும் முன்னுரிமை உண்டு. கூண்டுக்கு வெளியே மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர் பல ஊர்களில் ஊன்றுகோல் வைத்திருந்தவர்தான். பூத் மீட்டர் எண்ணாமல் விட்டாலும் எக்ஸ்சேஞ்ச் மீட்டர் விடாமல் எண்ணும். மாதக் கடைசியில் பில் வரும்போது வித்தியாசத்தை அவர்தான் கட்ட வேண்டும். பெட்டிக்கடை வாசலில் தொங்கிய சிவப்பு ஒரு ரூபாய் போனுக்கும் இதே கதிதான். காசுக்குப் பதில் தகரத்தைப் போட்டவன் ஏமாற்றியது அரசாங்கத்தை அல்ல, வெற்றிலை பாக்கு விற்றவரை. பூட்டிய போனைத் தட்டிப் பேசிய கடைப் பையனின் கதையைச் சிரித்துக்கொண்டே கேட்கலாம். இதைக் கேட்டுச் சிரிக்க முடியவில்லை.

யாருடைய சட்டைப் பையிலும் கை வைக்காத வித்தை ஒன்றும் இருந்தது. மிஸ்டு கால்! சென்னையில் பஸ் ஏறியதும் ஊரில் ஒரு மணி, போய் இறங்கியதும் இரண்டு மணி. எடுக்காவிட்டால் கட்டணம் இல்லை. ஆனால் லேண்ட்லைனில் இது கொஞ்சம் சிக்கல். கூப்பிடுவது யார் என்று தெரியாது. கல்யாணப் பத்திரிகையில் 'பி.பி.' என்று போட்டு அச்சடித்த நம்பர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுடையது. அந்த வீட்டு மாமி பாதி மணியிலேயே எடுத்துவிட்டால் திட்டம் பாழ். எனவே நேரத்தையும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

செல்போன் வந்ததும் கூப்பிடுபவர் நம்பர் திரையிலேயே தெரிந்தது, வித்தை சுலபமானது. 1995ல் இந்தியாவுக்குச் செல்போன் வந்தபோது வருகிற அழைப்புக்கும் காசு. 2003 மே மாதத்தில்தான் கூப்பிடுபவர் மட்டும் கட்டினால் போதும் என்றானது. மிஸ்டு கால் விட்டால் காசுள்ளவர் திருப்பிக் கூப்பிடுவார் என்ற எழுதாத சட்டம் அதோடு உறுதியானது. ஆப்பிரிக்காவிலும் இதே பழக்கம் உண்டு. ஜொனாதன் டோனர் என்ற ஆய்வாளர் 2007ல் இதன் விதிமுறைகளைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரையே எழுதினார்.

கையில் செல்போன் வந்தபின் பூத்துகள் ஒவ்வொன்றாக ஜெராக்ஸ் கடையாகவும் ரீசார்ஜ் கடையாகவும் மாறின. மிஸ்டு கால் மட்டும் வயலுக்குப் போனது. மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட நேரங்களில்தான் வரும், பல நாள் நடுராத்திரியில். வரப்பில் டார்ச் அடித்துக்கொண்டு, பாம்புக்குப் பயந்து பயந்து மோட்டார் கொட்டகைக்கு நடக்க வேண்டும். புனேயில் சந்தோஷ் ஓஸ்த்வால் என்ற எஞ்சினியர் 'நானோ கணேஷ்' என்ற பெயரில் இதற்கு ஒரு கருவி செய்தார். அதே வகைக் கருவிகள் 'மொபைல் ஸ்டார்ட்டர்' என்ற பெயரில் டெல்டாவுக்கும் வந்தன. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு. கட்டிலில் படுத்தபடியே அந்த நம்பருக்கு மணி அடித்தால் போதும், யாரும் எடுக்க மாட்டார்கள், மோட்டார் ஓடத் தொடங்கிவிடும்.