வீரபாண்டிய கட்டபொம்மன் (திரைப்படம், 1959)

பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரரான கட்டபொம்மன், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் அதிகாரத்தை மறுத்து, போர் புரிந்து, 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலேற்றப்பட்ட சரித்திரத்தைப் பொருளாகக் கொண்டு, பத்மினி பிக்சர்ஸ் சார்பில் பி. ஆர். பந்துலு தயாரித்து இயக்கிய தமிழ்த் திரைப்படம். கதாநாயகனாக சிவாஜி கணேசனும், அவன் மனைவி ஜக்கம்மாளாக எஸ். வரலட்சுமியும், தம்பி ஊமைத்துரையாக ஓ. ஏ. கே. தேவரும், படைத்தலைவன் வெள்ளையத்தேவனாக ஜெமினி கணேசனும், அவனை மணக்கும் வெள்ளையம்மாளாகப் பத்மினியும் நடித்தனர். வசனம் சக்தி டி. கே. கிருஷ்ணசாமி, இசை ஜி. ராமநாதன்.

படத்துக்கு ஆதாரமான விருத்தாந்தம், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் நிகழ்ந்தது. கட்டபொம்மன் 1760-இல் பிறந்து 1790-இல் பட்டமேறியதாகக் கொள்வது வழக்கு. 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் பாளையக்காரரிடம் கிஸ்தி (வரி) வசூலிக்கும் உரிமை ஆர்க்காட்டு நவாபின் கையிலிருந்து கம்பெனியின் கைக்கு மாறிற்று. பாக்கி குறித்து விசாரிக்கவேண்டுமென்று அழைத்த கலெக்டர் ஜாக்ஸன், குற்றாலம் தொடங்கி ஊர்தோறும் பேட்டி மறுத்து அலைக்கழித்து, முடிவில் 1798 செப்டம்பரில் இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தில் கட்டபொம்மனைச் சந்தித்தார். அச்சந்திப்பு கைகலப்பில் முடிந்தது. கிளார்க் என்னும் ஆங்கிலேய அதிகாரி கொல்லப்பட்டார். கட்டபொம்மனின் அமைச்சராகிய தானாபதி சுப்பிரமணிய பிள்ளை சிறைப்பட்டார். சென்னை அரசாங்கத்தார் விசாரணை நடத்திப் பிள்ளையை விடுவித்ததோடு ஜாக்ஸனையும் பதவியினின்று நீக்கினர் என்பது, கதையை நாடகமாகவும் படமாகவும் மட்டுமே அறிந்தோர்க்கு வியப்பளிக்கக்கூடிய செய்தி. அடுத்த கலெக்டரான லூஷிங்டன் காலத்திலும் பகை தணியவில்லை. 1799 செப்டம்பர் 5-ஆம் நாள் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். முதல் தாக்குதல் பலிக்கவில்லையாயினும், பெரிய பீரங்கிகள் வருகின்றன என்றறிந்த கட்டபொம்மன் கோட்டையைவிட்டு வெளியேறி, புதுக்கோட்டைச் சீமையின் காடுகளில் தொண்டைமானின் ஆட்களால் பிடிக்கப்பட்டான். கயத்தாற்றில் பாளையக்காரர்களைக் கூட்டிவைத்து விசாரணை என்ற பெயரில் ஒன்று நடந்தது. அதன் முடிவில் அவன் புளியமரத்தில் தூக்கிலிடப்பட்டான். நாள் அக்டோபர் 16 என்பதே பெரும்பான்மை வழக்கு. 17 என்பாரும் உளர்.

இவ்விறுதி நாளைப் பற்றிய மிகப் பழைய சாட்சியம் பகைவரிடமிருந்தே கிடைக்கிறது. பானர்மன் மறுநாள் தம் மேலதிகாரிகளுக்கு எழுதிய கடிதத்தைக் கால்டுவெல் ஐயர் தமது திருநெல்வேலிச் சரித்திரத்தில் (1881) எடுத்துக்காட்டியுள்ளார். விசாரணை நடந்த நேரம் முழுதும் கைதி சிறிதும் அஞ்சாது நின்றதையும், எட்டயபுரம், சிவகிரிப் பாளையக்காரர்களை அவன் இகழ்ச்சியோடு நோக்கியதையும், தூக்குமரத்தை நோக்கித் தளராத நடையில் சென்றதையும் அக்கடிதம் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறது. போகும் வழியில் அவன் கவலைப்பட்டது வாய்பேசாத் தம்பி ஒருவனைக் குறித்து மட்டுமே என்றும், மரத்தடியை அடைந்தபோது கோட்டையைவிட்டு வந்தது பிழை, அதனைக் காத்து அங்கேயே மடிந்திருக்கலாம் என்று வருந்தினான் என்றும் தமக்குச் சொல்லப்பட்டதாகப் பானர்மன் எழுதுகிறார். நாட்டை இழந்து உயிரையும் இழக்கப்போகிறவன் கடைசியாக நினைத்தது தம்பியை என்ற இவ்வொரு குறிப்பு, அவன் வீரத்தைப் பாடும் பக்கங்கள் பலவற்றினும் அவனை நமக்கு அணுக்கமாக்குகிறது. கட்டபொம்மன் கதையைக் குடும்பக் கதையாகவும் கண்ட கூத்தும் நாடகமும் படமும் ஆதாரமின்றி அவ்வாறு செய்துவிடவில்லை என்பதற்கு இதுவே போதுமான சான்று.

தூக்கு நிகழ்ந்த சில ஆண்டுகளிலேயே இக்கதை தென்பாண்டி நாட்டில் கதைப்பாடலாகவும், பின்னர்க் கூத்தாகவும் வழங்கத் தலைப்பட்டது. கதைப்பாடலின் ஒரு வடிவத்தை நா. வானமாமலை பதிப்பித்துள்ளார். வெள்ளையம்மாள் தீக்கனாக் கண்டு கணவனைப் போருக்குப் போகவேண்டாமெனத் தடுப்பது, அவன் அதனைக் கேளாது செல்வது ஆகிய பகுதிகள் அரசாங்கக் கடிதங்களில் காணப்படாதவை. பாடலின் வழியாகவே பிற்காலத்துக்கு வந்தவை. ஜெகவீரபாண்டியனாரின் பாஞ்சாலங்குறிச்சி வீர சரித்திரமும், ம. பொ. சிவஞானத்தின் நூலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இக்கதைக்கு அச்சு வடிவில் புத்துயிர் அளித்தன.

சிவாஜி கணேசனுக்கும் இக்கதைக்கும் உள்ள தொடர்பு அவரது இளமையிலேயே தொடங்குகிறது. திருச்சிராப்பள்ளியில் சிறுவனாக இருக்கையில் கம்பளத்து நாயக்கர்கள் நடத்திய கட்டபொம்மு கூத்தைக் கண்டு மனம் பறிகொடுத்ததாகவும், அதுவே தம்மை வீட்டைத் துறந்து நாடகக் கம்பெனியில் சேரச் செய்ததாகவும் அவர் பிற்காலத்தில் நினைவு கூர்ந்துள்ளார். அக்கூத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு ஆள் குறைந்தபோது சிறுவன் கணேசனே மேடையேறி நின்றான் என்றும் சொல்வர். பின்னாளில் சக்தி நாடக சபையில் தமக்கு வாய்ப்பளித்த கிருஷ்ணசாமியோடு காரில் கயத்தாற்றைக் கடந்து செல்கையில் பேச்சு கட்டபொம்மனைப் பற்றித் திரும்ப, நாடகமாக எழுதித் தருவதற்குக் கிருஷ்ணசாமி அப்போதே இசைந்தார் என்பது கணேசன் தந்த விவரம்.

சிவாஜி நாடக மன்றத்தின் அரங்கேற்றமாக 1957-இல் சேலத்தில் நாடகம் நடைபெற்றது. தொடர்ந்து நூறு தடவைக்கு மேல் நடிக்கப்பட்டு, வசூலின் பெரும்பகுதி பள்ளிக்கூடங்களுக்கும் பிற தரும காரியங்களுக்கும் நன்கொடையாக அளிக்கப்பட்டது. ஒலிபெருக்கியின் துணை அதிகமில்லாத அரங்குகளில் நீண்ட வசனங்களை அடிவயிற்றிலிருந்து முழங்கியதன் விளைவாக நடிகரின் தொண்டையினின்று இரத்தம் கசிந்ததும் உண்டென்று அவரே கூறியிருக்கிறார்.

படமெடுக்கும் எண்ணம் பந்துலுவுக்கு முன்னரே வேறொருவருக்கும் இருந்தது. ஜெமினி ஸ்டூடியோ அதிபர் எஸ். எஸ். வாசன் 1940-களின் பிற்பகுதியில் இக்கதையைப் படமாக்க எண்ணி, ஆராய்ச்சிக் குறிப்புகளையும் சேகரித்து, பிறகு கைவிட்டார் என்றும், அக்குறிப்புகள் பந்துலுவின் கைக்கு வந்தன என்றும் கூறப்படுகிறது. நாடகத்தைப் பார்த்த பந்துலு அதனைப் படமாக்க முன்வந்தபோது, ம. பொ. சி. சரித்திர ஆலோசனையளித்தார். வெள்ளையத்தேவன் வேடத்துக்கு முதலில் கருதப்பட்டவர் எஸ். எஸ். ராஜேந்திரன். கண்ணதாசன் தயாரித்துவந்த சிவகங்கைச் சீமை என்னும் மருது சகோதரர் படத்தில் அவர் ஒப்பந்தமாகியிருந்தமையின், அவ்வேடம் ஜெமினி கணேசனுக்குச் சென்றது. ஒரே போராட்டத்தின் இரு கிளைகளைச் சொல்லும் அவ்விரு படங்களும் ஒரே மாதத்தில், சில நாள் இடைவெளியில் வெளிவந்து ஒன்றோடொன்று போட்டியிட நேர்ந்தமை குறிப்பிடத்தக்கது.

போர்க்காட்சிகள் ஜெய்ப்பூரில் படமாக்கப்பட்டன. பாஞ்சாலங்குறிச்சியின் செம்மண்ணும் உடைமரமும் அறிந்தவர்க்கு அந்நிலம் அந்நியமாகத் தோன்றக்கூடுமாயினும், குதிரைப்படைகள் திரளாகப் பாய்வதை அதற்குமுன் தமிழ்ப் படங்களில் இவ்வளவு விரிவாகக் கண்டவரிலர். ஒளிப்பதிவாளர் டபிள்யூ. ஆர். சுப்பாராவ் கேவாகலரில் எடுத்த சுருள்கள் இலண்டனில் டெக்னிகலராக அச்சிடப்பட்டன. அக்காரணம் பற்றியே முதற்காட்சி 1959 மே 10-இல் இலண்டனில் நடந்ததாகச் சொல்லப்படுகிறது. சென்னை மாகாணத்தில் மே 16-இல் வெளியாயிற்று.

படத்தின் அமைப்பு நாடகத்தின் சாயலை மறைக்க முயலவில்லை. காமிரா பெரும்பாலும் நடிகர்க்கு எதிரே நின்று கேட்கிறது. சி. ஆர். பார்த்திபன் நடித்த ஜாக்ஸன் முன்னிலையில் கட்டபொம்மன் நிற்கும் காட்சி தமிழகம் முழுவதும் மனப்பாடமாயிற்று. வரி கேட்கும் கலெக்டரை நோக்கி, வயலுக்கு வந்து நாற்று நட்டதுண்டா, களை பறித்ததுண்டா, உழவர்க்குக் கஞ்சி சுமந்ததுண்டா, எங்கள் பெண்களுக்கு மஞ்சள் அரைத்துக் கொடுத்ததுண்டா என்ற கருத்தில் அடுக்கிச் செல்லும் அவ்வசனம், அரசுரிமை பற்றிய தருக்கத்தை உழவனின் அன்றாட வேலைகளிலிருந்து எடுத்துக் கட்டியது. இராமநாதபுரத்தில் நிகழ்ந்த உண்மைப் பேட்டியில் இத்தகைய பேச்சு நிகழ்ந்ததென்று கருத ஆதாரமில்லை. ஆயினும், முகாமுக்கு முகாம் துரத்திச் சென்றும் பேட்டி மறுக்கப்பட்ட ஒருவனின் மனத்தில் திரண்டிருக்கக்கூடிய சினத்தை அது பொய்க்காமல் சொல்லுகிறது. சொற்றொடர் ஒவ்வொன்றிலும் குரலை ஒரு படி உயர்த்தி, கடைசிக் கேள்விக்கு முன்னே ஒரு கணம் நிறுத்தி, இகழ்ச்சி தோன்றப் புருவத்தை நெறித்து முடிக்கும் நடிப்பு முறை நுணுகிக் காணத்தக்கது. பிற்பாடு பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் மாறுவேடமிட்டு அதனைப் பேசிய சிறுவர்கள் பலரும், இசைத்தட்டிலும் வானொலி ஒலிச்சித்திரத்திலும் செவிவழி கற்றவர்களே.

இத்தகைய முழக்கக் காட்சிகளுக்கு இடையே படம் மீண்டும் மீண்டும் அந்தப்புரத்துக்குத் திரும்புகிறது. எஸ். வரலட்சுமி தம் சொந்தக் குரலில் குழந்தைக்குப் பாடும் பாட்டு, தோட்டத்து நிலவில் பி. பி. ஸ்ரீநிவாஸும் பி. சுசீலாவும் பாடும் காதற்பாட்டு, காளையை அடக்கி வெள்ளையம்மாளின் கைப்பிடிக்கும் வெள்ளையத்தேவனின் கதை ஆகியவை போருக்கு இடைஞ்சலாகப் புகுத்தப்பட்டவை என்று குறை கூறுவார் உளர். அவ்வபிப்பிராயம் முழுதும் ஏற்கத்தக்கதன்று. தீக்கனாவால் நடுங்கிய மனைவியின் சொல்லைத் தள்ளிக் களம் புகுந்த வெள்ளையத்தேவன் மடிந்தபின், அவளே வாளேந்திச் சென்று பழிமுடித்து உயிர்விடும் கட்டம், முன்னே அவர்கள் மகிழ்ந்திருந்ததைக் கண்டிராத ரசிகனை அத்துணை வருத்தாது. ராமநாதனின் இசையும் இக்குடும்பப் பகுதிகளிலேதான் உன்னதமடைகிறது. கர்நாடக இராகங்களைச் சிதைக்காமல் மெல்லிசைக்கு இறக்கிக் கொணரும் அவரது வித்தை, 1963-இல் அவர் மறைந்தபின் அருகிவிட்டது.

படம் கிளப்பிய சர்ச்சைகளில் மூன்று முக்கியமானவை. முதலாவது கட்டபொம்மனின் குணம் பற்றியது. அவன் சுதந்திர வீரனல்லன், அண்டைப் பாளையங்களைக் கொள்ளையிட்டவன் என்று தமிழ்வாணன் தனி நூலே எழுதினார், ம. பொ. சி.யும் அவர் கட்சியினரும் அதனை மறுத்தனர். கம்பெனியின் ஆவணங்களில் கொள்ளைக் குற்றச்சாட்டுகள் உள்ளன என்பதும், அவ்வாவணங்களை எழுதியவர்கள் அவன் பகைவர் என்பதும் ஒருங்கே உண்மையாகலின், இவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. இரண்டாவது எட்டயபுரத்துப் பாளையக்காரனான எட்டப்பன் பற்றியது. வி. கே. ராமசாமி நடித்த அப்பாத்திரம் துரோகத்தின் உருவமாகவே மக்கள் மனத்தில் பதிந்தது. எட்டயபுரத்தார் கம்பெனிக்கு உதவியது மெய்யெனினும், அவ்விரு பாளையங்களுக்கும் எல்லைப் பகை நெடுநாளாக இருந்ததென்றும், கைதியைப் பிடித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமானேயென்றும் எடுத்துக்காட்டி, ஒருவர்மேல் மட்டும் பழி சுமத்தியது முறையன்று என்பர் சிலர். மூன்றாவது, கிஸ்தி மறுப்பை இந்திய விடுதலைப் போரின் தொடக்கமாகக் கருதலாமா என்பது. இது படத்தைவிட விரிந்த பொருள்.

படம் 1799-உடன் முடிவதால், தமையன் கவலைப்பட்ட அந்தத் தம்பியின் பிற்கதை அதில் இடம்பெறவில்லை. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பிய ஊமைத்துரை, இடிக்கப்பட்ட கோட்டையை மிகச் சில நாட்களில் மீண்டும் எழுப்பி, மே மாதம்வரை கம்பெனிப் படையைத் தடுத்து நிறுத்தினான். எதிர்த்துப் போரிட்ட வெல்ஷ் என்னும் ஆங்கிலேய அதிகாரி அவனைப் பற்றிப் பெருமதிப்போடு எழுதியுள்ளார். கோட்டை வீழ்ந்தபின் காயமுற்றுப் பிணங்களினிடையே கிடந்த தன் மகனைத் தேடிவந்த தாயிடம், தன்னை விட்டுவிட்டு அருகே கிடக்கும் சாமியை, அதாவது ஊமைத்துரையை, காப்பாற்றுமாறு மகன் வேண்டினான் என்றும், அவள் ஊமைத்துரையை வீட்டுக்குக் கொண்டுசென்று, தேடிவந்த எட்டயபுரத்து ஆட்களுக்கு அஞ்சித் துணியால் மூடி, அம்மை கண்டு இறந்தவன் என்று சொல்லித் திருப்பியனுப்பினாள் என்றும் அவர் தரும் வரலாறு, எந்தத் திரைக்கதாசிரியனும் விரும்பக்கூடியது. ஊமைத்துரை பின்னர் மருதிருவருடன் சேர்ந்து, அதே ஆண்டு நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டான்.

1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜி கணேசன் சிறந்த நடிகராகவும், ராமநாதன் சிறந்த இசையமைப்பாளராகவும் தெரிந்தெடுக்கப்பட்டனர். பின்னர் எகிப்திய அதிபர் நாஸர் சென்னைக்கு வந்தபோது, அரசாங்கத்தின் அனுமதி பெற்று நடிகர் அவருக்கு வரவேற்பளித்தார். தெலுங்கிலும் இந்தியிலும் படம் மொழிமாற்றம் பெற்றது. பந்துலு இதே நடிகரோடு கப்பலோட்டிய தமிழன் (1961), கர்ணன் (1964) ஆகியவற்றையும் எடுத்தார். அவற்றில் முன்னது ம. பொ. சி.யின் நூலைத் தழுவியது.

கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட இடத்தருகே நிலம் வாங்கிக் கட்டபொம்மனுக்குச் சிலையெடுத்தவர் சிவாஜி கணேசனே. பாஞ்சாலங்குறிச்சியில் தமிழக அரசு நினைவுக் கோட்டை ஒன்றை 1974-இல் எழுப்பிற்று. படம் கணினி முறையில் செப்பனிடப்பட்டு 2015 ஆகஸ்டில் திரையரங்குகளில் மறுபடி வெளியிடப்பட்டது.