பிளாக்பஸ்டர்
படம் திரைக்கு வருமுன்பே சுவரொட்டியில் 'பிளாக்பஸ்டர்' என்று அச்சடித்துவிடுகிறார்கள். ஓடாத படத்துக்கு எதற்கு அந்தப் பட்டம் என்று எனக்கு எரிச்சல் வரும். பிறப்பில் இது சினிமாச் சொல்லே அல்ல. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை வீசிய, 4,000 பவுண்டும் அதற்கு மேலும் எடையுள்ள குண்டுகளுக்குப் பத்திரிகைகள் சூட்டிய பெயர். தெருக்களுக்கு நடுவே உள்ள கட்டடத் தொகுதி 'பிளாக்'. அதைத் தகர்ப்பது 'பஸ்டர்'. போர் முடியுமுன்பே ஹாலிவுட் விளம்பரக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போது 'அதிரடிப் படம்' என்ற பொருள்தான். பிறகு கல்லாப்பெட்டி குறுக்கிட்டு 'பணம் குவித்த படம்' ஆக்கியது. 1975 ஜூனில் வந்த 'ஜாஸ்' அதைக் கோடையோடு முடிச்சுப் போட்டது. 2023 ஜூலை 21 அன்று 'பார்பி'யும் 'ஓப்பன்ஹைமர்'உம் மோதியபோது, ரசிகர்கள் இரண்டையும் ஒட்டி 'பார்பன்ஹைமர்' என்றார்கள். வசூலை நாள்தோறும் ஒப்பிட்டார்கள். அணுகுண்டு செய்த ஓப்பன்ஹைமரின் கதைக்கே 'பிளாக்பஸ்டர்' என்ற குண்டின் பெயர் பட்டமானது வேடிக்கை. தமிழில் என்ன சொல்லலாம்? 'வெள்ளிவிழாப் படம்' 25 வாரம் ஓடியதைக் குறிப்பது. முதல் வாரக் கணக்குப் பார்க்கும் காலத்துக்கு ஒட்டாது. 'பெருவசூல் படம்' பொருந்தும். 'வசூல்' அரபியிலிருந்து வந்தது. அங்கே 'வந்து சேர்தல்' என்று பொருள். ஆகவே பணம் வந்து சேர்ந்த பிறகே அந்தப் பட்டத்தைக் கொடுங்கள்.