குற்றாலத்தை நோக்கி வந்த பல்கலைக்கழகம்

குற்றாலத்துக்குப் போகிறவர்கள் மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று சுற்றிவிட்டு, ஈரத்துண்டோடு தென்காசிக்கு பஸ் ஏறிவிடுவார்கள். அங்கே ஒரு மகளிர் கல்லூரி இருப்பது பலர் கண்ணில் படுவதில்லை. பராசக்தி மகளிர் கல்லூரி, 1964இல் தொடங்கியது, அறநிலையத்துறையின் கீழ் நடப்பது. கல்லூரி அதே ஊரில்தான் இருக்கிறது. அதன் பல்கலைக்கழகம்தான் இரண்டு முறை மாறியது.

முதலில் சென்னைப் பல்கலைக்கழகம். 600 கிலோமீட்டருக்கு மேல் தூரம். மருத்துவரான ஆ. லட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை, 27 வருஷம், அதன் துணைவேந்தர். 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தது. முதல் துணைவேந்தர் தெ.பொ. மீனாட்சிசுந்தரம். தூரம் 160 கிலோமீட்டராகக் குறைந்தது. அப்போதும் ஒரு சான்றிதழில் பெயர் திருத்த வேண்டுமென்றால், "அம்புட்டு தூரம் பொம்பளப்பிள்ளய எப்படி அனுப்ப?" என்ற கேள்வி வீட்டில் எழும். 1990இல் நெல்லைக்கு மேற்கே அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். இனி காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம்.

ஆனால் பக்கத்தில் வந்துவிட்டால் மட்டும் ஒரு பல்கலைக்கழகம் நம்முடையதாகிவிடுமா?

1992 முதல் 1998 வரை அங்கே துணைவேந்தராக இருந்தவர் வே. வசந்தி தேவி. கும்பகோணம் அரசு மகளிர் கல்லூரியில் முதல்வராக இருந்தவர், ஆசிரியர் இயக்கத்திலிருந்து வந்தவர். அவர் பதவியில் இருந்த வருஷங்களில்தான் தென்மாவட்டங்கள் சாதி மோதலில் எரிந்தன. 1995 ஆகஸ்ட் 31இல் கொடியன்குளத்துக்குள் போலீஸ் புகுந்து வீடுகளைச் சூறையாடியது. நெல்லை, தூத்துக்குடி, குமரி என்ற மூன்று மாவட்டங்களும் அந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லை. அடித்த ஊர்ப் பிள்ளையும் அடிபட்ட ஊர்ப் பிள்ளையும் ஒரே தேர்வைத்தான் எழுதினார்கள். வகுப்பறைக்கு வெளியே நடப்பதையும் கல்வி பேசியாக வேண்டும் என்பதை வசந்தி தேவி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். சுந்தர ராமசாமியோடு அவர் நடத்திய நீண்ட உரையாடல் 'தமிழகத்தில் கல்வி' என்று நூலாகவே வந்தது.

'மாநிலத்துக்குச் சேவை' என்பதை நாம் பெரும்பாலும் 'அரசுக்குச் சேவை' என்று படித்துக்கொள்கிறோம். இரண்டும் ஒன்றில்லை. 2002இல் வசந்தி தேவி மாநில மகளிர் ஆணையத்தின் தலைவரானார். பிறகு அரசுப் பள்ளிகளுக்காக இயக்கம் கட்டினார். 2016இல் ஆர்.கே. நகரில் முதல்வர் ஜெயலலிதாவை எதிர்த்தே தேர்தலில் நின்றார். தோற்றார். பதவி வாங்குவதும் எதிர்த்து நிற்பதும் அவருக்கு முரணாகத் தெரியவில்லை என்றே நினைக்கிறேன். இரண்டு இடத்திலும் அவர் பேசியது மக்களுக்காக. 2025 ஆகஸ்ட் 1இல் காலமானார்.

அதே வருஷம்தான் துணைவேந்தர் நியமனம் தொடர்பான மசோதாக்கள் உட்பட, சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களை ஆளுநர் நிறுத்திவைத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முக்கியமான வழக்கு, சந்தேகமில்லை. நாற்காலியை யார் கொடுப்பது என்பதில்தான் மொத்தப் பேச்சும் நின்றுவிட்டது. அதில் உட்காருகிறவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எங்காவது பேசினோமா?

2019 நவம்பரில் தென்காசியே தனி மாவட்டமாகிவிட்டது. அந்தப் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இந்த மாவட்டத்து ஆழ்வார்குறிச்சியில், மலையடிவாரத்தில் இருக்கிறது. தூரம் என்ற சாக்கு இனி யாருக்கும் இல்லை. சாரலில் நனைந்தபடி கல்லூரிக்கு நடக்கிற பிள்ளைக்குத் துணைவேந்தர் பெயர் தெரியாமல் இருக்கலாம். அதில் தப்பில்லை. அவள் ஊரில் என்ன நடக்கிறதென்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.