செத்தால் யார் கணக்கு?

தஞ்சைப் பெரிய கோயிலின் இராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளில் ஒரு கால்நடைக் கணக்கு வருகிறது. ஒரு விளக்கு எரிய ஆடு என்றால் 96, பசு என்றால் 48, எருமை என்றால் 16. இவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யை, ஆடவல்லான் என்று பெயரிட்ட அளவையால் அளந்து, சந்திரனும் சூரியனும் உள்ளவரை கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அவர் மட்டுமல்ல, அவருடைய உறவுமுறையாரும் அதற்குப் பொறுப்பு.

கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கோயிலுக்குப் போனால் மற்றவர்கள் விமானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். எனக்கு இந்த மாதிரிக் கணக்கில்தான் கண் போகும். நாலு உழக்கு ஒரு நாழி. வருஷத்துக்கு 365 உழக்கு என்றால் 91 நாழியும் ஓர் உழக்கும். 96 ஆட்டுக்கு அதைப் பங்கிட்டால் தலைக்கு வருஷம் ஒரு நாழிக்குச் சற்றுக் குறைவான நெய். பசுவுக்கு அதில் இரண்டு பங்கு, எருமைக்கு ஆறு பங்கு. எருமைப் பாலில் எவ்வளவு கொழுப்பு என்று கறந்து கடைந்து பார்த்தவர்கள் போட்ட விகிதம் இது. எழுதுகோலோடு உட்கார்ந்திருந்தவர் மட்டும் போட்டிருக்க முடியாது.

சரி, இடையருக்குக் கூலி எவ்வளவு? அப்படி ஒரு வரியே கிடையாது. உழக்கு நெய் போக மிஞ்சியதுதான் கூலி. மோர், குட்டி, எரு எல்லாம் அதில் அடக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு முள் இருக்கிறது. பல ஊர்க் கோயில்களின் விளக்குக் கல்வெட்டுகளில் 90 என்றும் 96 என்றும் வரும் இந்த மந்தைக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். கிழடு செத்தால் அந்த இடத்தில் குட்டி வந்து நிற்க வேண்டும். தொகை குறையவே கூடாது. மழை பெய்து புதுப்புல் முளைத்ததும் துள்ளுமாரி வரும். சாயங்காலம் வயிறு முட்ட மேய்ந்த ஆடு விடியும்போது விறைத்துக் கிடக்கும். ஒரே பட்டியில் அப்படி வரிசையாகக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். தடுப்பூசி இல்லாத அந்தக் காலத்தில் எத்தனை பட்டி காலியாகியிருக்கும்? கோயில் கணக்கில் மட்டும் 96 அப்படியே நிற்கும். சாவு முழுக்க இடையர் தலையில். குட்டிகளை அவருக்கே விட்டது தாராளம் என்று நான் நினைக்கவில்லை. அந்தச் சாவுக்குக் கொடுத்த விலை அது.

அடுத்தவர் பிராணியைப் பார்த்துக்கொள்ள என்ன வாங்கலாம் என்ற கேள்வி எங்கே எழுந்தாலும் இதைத்தான் முதலில் தேடுகிறேன். எத்தனை மணி நேரம், எத்தனை வேளைத் தீனி என்பதெல்லாம் பிறகு. செத்தால் யார் கணக்கு?

கௌடில்யர் இந்த விஷயத்தில் கறாரானவர். அரசனின் மந்தையை மேய்ப்பவர், கறப்பவர், கடைபவர் முதலானோரை நூறு மாட்டுக்கு இத்தனை பேர் என்று வைக்கச் சொல்லிவிட்டு, அவர்களுக்குக் காசாகவே கூலி கொடு என்கிறார் அர்த்தசாஸ்திரத்தில். பாலும் நெய்யும் கூலியானால் கன்றுக்குப் பால் விடாமல் கொன்றுவிடுவார்கள் என்பது அவர் சொல்லும் காரணம். மேய்ப்பவர்மேல் இவ்வளவு சந்தேகமா என்று எனக்குக் கோபம் வருவதுண்டு. ஆனாலும் வேலையில் இருந்த காலத்தில், கறவைப் பங்குக்கு விட்ட மாடுகளின் கன்றுகள் எலும்பும் தோலுமாக நின்றதைக் கண்டவன் என்பதால் மறுத்துப் பேசவும் முடியவில்லை. மனு நூல் வேறு வழியில் போகிறது. பால் கூலிக்கு மேய்ப்பவர் பத்தில் சிறந்த ஒரு பசுவைக் கறந்துகொள்ளலாம். பகலில் பொறுப்பு மேய்ப்பவருடையது. இரவில் தொழுவத்துக்கு வந்துவிட்டால் உடையவருடையது. மாடு செத்துப்போனால் காது, தோல், வால் ஆகியவற்றைக் கொண்டுவந்து உடையவரிடம் காட்ட வேண்டும்.

இந்தக் கடைசி விதியை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை; பார்த்துத் தெரிந்துகொண்டேன். எங்களுக்குக் காளையார்கோவில் பக்கம். அப்பத்தாவுக்கு வெள்ளாடுகள் உண்டு, மேய்க்க ஆள் இல்லை. அதனால் மறியாக இருக்கும்போதே நாலைந்து வீடுகளுக்கு வாரத்துக்கு விட்டுவிடும். மறி உடையவருடையது. ஈத்துக்கு ஈத்து குட்டியில் ஆளுக்குப் பாதி. ஒற்றைக் குட்டி போட்டால் அடுத்த ஈத்தில் நேர் செய்துகொள்வார்கள். கிடாயை விற்றால் பணத்தில் பாதி. பால் வளர்ப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு. புழுக்கை அவர் கொல்லைக்கு. தழை ஒடிப்பதும், கருவேலங்காய் பொறுக்கிப் போடுவதும், ராத்திரி நரி வராமல் படல் கட்டுவதும் அவர் பாடு. ஆடு செத்தால் தாயின் நட்டம் உடையவருக்கு, அதுவரை பட்ட பாட்டின் நட்டம் வளர்ப்பவருக்கு. ஆனால் செத்ததைக் கொண்டுவந்து வாசலில் போட்டுக் காட்டியாக வேண்டும். காதில் வெட்டிய அடையாளத்தை அப்பத்தா குனிந்து பார்க்கும்.

ஒருநாள் மேலத்தெருவிலிருந்து ஒரு பெண் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். குட்டி போட்டு ரெண்டு மூணு நாள் ஆன ஆடு.

“அத்தாச்சி, கருப்பி போயிருச்சு.”

அப்பத்தா காதைப் பார்த்தது. “போனது போகட்டும்டி. குட்டி ரெண்டும் என்ன செய்யுது?”

“கத்திக்கிட்டே கெடக்கு. மாட்டுப்பால் வாங்கித்தான் பாலாடையில ஊத்துறேன்.”

“எங்க வாங்குற?”

“டீக்கடையிலதான்.”

கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. பிறகு அப்பத்தா சொன்னது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது: “அப்ப ஒன்னு ஒனக்கு. இன்னொன்ன வளத்து வித்துட்டுப் பாதி குடு.” பாதி வாரம் முக்கால் வாரமாயிற்று. பால் காசு கொடுத்து வாங்கி, ராத்திரி எழுந்து ஊட்டுகிறவருக்குப் பழைய விகிதம் பொருந்தாது என்று அதற்குத் தெரிந்திருந்தது. பஞ்சாயத்து இல்லை, எழுத்து இல்லை, வாசல்படியில் முடிந்தது.

இதைச் சொல்லிவிட்டு வாரத்தைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. மறி வைத்திருந்தவர்களுக்கு நிலம் இருந்தது; வாரத்துக்கு வாங்கியவர்களில் பலருக்கு வீட்டு மனைகூடச் சொந்தமில்லை. பாதி என்பது அளவில் சமம், ஆட்களில் சமமில்லை. அதைவிட மோசம், வாரமும் இல்லாமல் ஆளையே பிடித்துவைத்தது. அப்பன் வாங்கிய கடனுக்குப் பத்து வயசுப் பையன் பண்ணையில் ஆடு மேய்ப்பான். கூழும் பழைய துணியும் போக வருஷத்துக்குப் பேசிய தொகை கடன் வட்டியில் கரைந்துபோகும். ஆடு தொலைந்தால் அந்தப் பையன்தான் அடி வாங்குவான். கொங்குப் பக்கத்தில் அது எப்படி நடந்தது என்று தெரிய வேண்டுமானால் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யைப் படியுங்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல்தான் வந்தது. பிராணிக்குக் காவல் இருந்தவர்களின் கூலி வரலாற்றில் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகக் கூடாது.

கிடைக்காரர்கள் கதை நேர்மாறு. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் அறுவடை முடிந்ததும் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு தஞ்சைப் பக்கம் போவார்கள். ராத்திரி வயலில் கிடை போட்டால் ஆட்டுக்கு இடம் கொடுத்தவர் கீதாரிக்கு நெல்லோ பணமோ கொடுப்பார். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம் அல்லவா? விருந்தாளியாக வந்த ஆட்டுக்கு வீட்டுக்காரர் காசு கொடுக்கும் ஏற்பாடு இதுதான். ஒரே கிடையில் பல பேருடைய ஆடுகள் கலந்து நிற்கும். காது வெட்டைப் பார்த்துத்தான் யாருடையது என்று பிரிப்பார்கள்.

வெள்ளைக்காரன் வந்து இதற்கெல்லாம் அட்டவணை போட்டான். 1871-ஆம் வருஷத்துக் கால்நடை அத்துமீறல் சட்டம் ஊர்ப் பவுண்டிகளுக்கு விதி போட்டது. பயிரில் மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைத்தால் உடையவர் தண்டம் கட்டி மீட்க வேண்டும். ஆட்டுக்கு ஓரணா, கழுதைக்கும் பன்றிக்கும் இரண்டணா, பசுவுக்கும் குதிரைக்கும் நாலணா, எருமைக்கு எட்டணா, யானைக்கு இரண்டு ரூபாய். (பயிரில் மேய்ந்த யானையைப் பிடித்துவந்து பவுண்டியில் அடைத்தவர் யார் என்று எனக்குப் பார்க்க ஆசை.) இந்தத் தண்டம் வேறு, அடைத்திருக்கும் நாளுக்குத் தீனிக்கும் தண்ணீருக்கும் ஆகும் செலவு வேறு. அந்த விகிதத்தை மாவட்ட மாஜிஸ்திரேட் நிர்ணயிப்பார். இரண்டையும் பவுண்டியில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி ஒட்ட வேண்டும். ஆட்சிமேல் எவ்வளவு குறை இருந்தாலும், தீனிச் செலவைத் தனி வரியாகப் பிரித்துப் பலகையில் போட்டது நல்ல காரியம்.

அதற்கு அடுத்த வருஷம், 1872-இல், ஒப்பந்தச் சட்டம். ஒருவர் பொருளை இன்னொருவர் பொறுப்பில் விடுவது பற்றி அதில் ஒரு அத்தியாயமே உண்டு. 163-ஆம் பிரிவுக்குக் கொடுத்திருக்கும் உதாரணம் நம் ஊர்க் கதைதான்: ஒருவர் தம் பசுவை இன்னொருவரிடம் பார்த்துக்கொள்ள விடுகிறார், பசு கன்று போடுகிறது, பசுவோடு கன்றையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேறுவிதமாகப் பேசியிருந்தால் ஒழிய. அதாவது, வாரம் பேசியிருந்தால் பாதிக் கன்று. வாய் திறந்து பேசாமல் இருந்தால் ஒன்றும் இல்லை. 151-ஆம் பிரிவும் 152-ஆம் பிரிவும் சாவுக்குப் பதில் சொல்கின்றன. தன் பொருளைச் சாதாரண விவேகமுள்ள ஒருவர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அதற்கு மேல் இழப்புக்குப் பார்த்துக்கொண்டவர் பொறுப்பில்லை. தனியாக ஒப்பந்தம் இருந்தால் மட்டும் வேறு. இடையர் தலையில் இருந்த 96 ஆட்டின் பாரத்தைச் சட்டம் இங்கே இறக்கி உடையவர் தோளுக்கு மாற்றிவிட்டது.

இத்தனையும் எதற்கு என்றால், நான் இப்போது திருச்சியில் மகள் வீட்டோடு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். கீழ்வீட்டுக்காரர்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது லாப்ரடார் நாயையும் பூனையையும் மூன்றாம் மாடியில் இருக்கும் கல்லூரிப் பெண்ணிடம் விட்டுப் போகக் கேட்டார்கள். அந்தப் பெண் என்னிடம் வந்து, “தாத்தா, ஒரு நாளைக்கு எவ்வளவு கேக்கலாம்?” என்றாள். அவளுடைய அம்மாவுக்குக் கோபம். “அக்கம்பக்கத்துல போய்க் காசு கேப்பாங்களா?” ஆயிரம் வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்றேன். காசு கேட்காத இடத்தில் என்ன நடக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். திரும்பி வருகிறவர்கள் ஒரு பெட்டி அல்வா கொடுப்பார்கள். அடுத்த முறை அந்தப் பெண் பரீட்சை என்று சாக்குச் சொல்லுவாள்.

இரண்டு வீட்டையும் உட்காரவைத்துப் பேசினோம். பக்கத்தில் உள்ள நாய் விடுதியில் கேட்கும் தொகையை அளவாக எடுக்க வேண்டாம் என்றேன். அதில் கட்டட வாடகையும் சேர்ந்திருக்கிறது. நாயை மூன்று வேளை வெளியே கூட்டிப் போவது, தீனி, தண்ணீர், பூனையின் மண் தட்டை அள்ளுவது எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு ஒரு மணிக்கு என்ன கொடுக்கிறோமோ அதற்குக் குறையக் கூடாது. பொங்கல் அன்றைக்கு இரட்டிப்பு, ஏனென்றால் அவளுக்கும் அன்று பொங்கல். தீனி உடையவர் வாங்கி வைத்துவிட்டுப் போக வேண்டும். இதெல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. நாளுக்கு 300 ரூபாய்.

அதன்பிறகுதான் நான் கேட்டேன்: “நாய் வாந்தி எடுத்தா எந்த டாக்டர்? உங்களுக்கு போன் கிடைக்கலைன்னா எவ்வளவு வரைக்கும் செலவு செய்யலாம்? நாயோ பூனையோ செத்துட்டா?” கீழ்வீட்டு அம்மா முகம் சுளித்தார். நல்ல நாளும் அதுவுமா இதென்ன பேச்சு? அவர் கணவர்தான், “இல்ல சார், கேக்கட்டும்” என்றார். டாக்டர் பெயர் எழுதினோம், 5,000 ரூபாய் வரை கேட்காமல் செலவு செய்யலாம் என்று எழுதினோம், கதவைத் திறந்துவிட்டு ஓடவிட்டால் தவிர மற்ற எதற்கும் அந்தப் பெண் பொறுப்பில்லை என்று எழுதினோம். அரைப் பக்கம். கீழே இரண்டு கையெழுத்து.

நாயும் பூனையும் நன்றாகவே இருந்தன. குடியிருப்பில் இப்போது இன்னும் மூன்று வீடுகள் அந்தத் தாளை நகல் எடுத்து வைத்திருக்கின்றன. நீங்கள் ஊருக்குப் போகிறவராக இருந்தால் சாவியைக் கொடுப்பதற்கு முன் அந்த அரைப் பக்கத்தை எழுதுங்கள். பார்த்துக்கொள்பவர் ‘காசெல்லாம் எதுக்குங்க’ என்று மறுத்தாலும் தீனிக்கும் வைத்தியத்துக்கும் அவர் கையிலிருந்து போனதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கூலி வாங்காமல் பார்த்துக்கொண்டவருக்கு அவசியமான செலவை உடையவர் கொடுத்தாக வேண்டும் என்கிறது அதே 1872-ஆம் வருஷச் சட்டத்தின் 158-ஆம் பிரிவு.