நீரிழிவும் நடையும்

நீரிழிவு என்னும் சொல்லில் நின்ற இழிவு தாழ்வைக் குறிப்பதன்று. மேலிருந்து கீழ் வருதல் என்னும் பொருட்டு. சிறுநீர் மிகுதியாய் இழிதலின் அப்பெயர் போந்தது. யவனர் வழங்கிய டயாபிடீஸ் என்னும் பெயர்க்கும் ஊடு கடந்து செல்லுதல் என்பதே கருத்து. இதனை முதற்கண் யாம் கூறுவது ஏனெனில், நம்மவருள் சிலர் பெண் கொடுத்து வாங்குதலில் குறை நேருமென்று அஞ்சி இந்நோயை மறைக்கின்றனர்.

சுசுருதர் இதனை மதுமேகம் என்றனர். பொருளற்ற நோயாளிக்கு நூறு யோசனை தூரம் நடத்தலும் கிணறு தோண்டுதலும் மருந்தாக விதித்தனர். செருப்பின்றி நடக்குமாறு அவர் கூறியதை மட்டும் இக்காலத்தார் கொள்ளற்க; இந்நோயாளர்க்குக் காற்புண் பெருந்தீங்கு.

1948-இல் டாக்டர் எம். விசுவநாதன் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார். பின்னர் அந்நகரிலேயே டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நோயின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்றாண்டு ஆராய்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டனர். வாளாவிருந்தாருள் நூற்றுக்கு 55 பேர் நோயுற்றனர். நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடந்து, சர்க்கரையும் கொழுப்பும் குறைத்தாருள் 39 பேரே உற்றனர். வியப்பு யாதெனில், இவர்கள் உடல் எடை குறைந்திலது. எனினும் பயன் கிட்டியது. மெட்பார்மின் மாத்திரை உண்டாரும் ஏறக்குறைய இவ்வளவே பயன் பெற்றனர்.

நகரத்தார் ஆராய்ச்சி மலைவாணர்க்கு எற்றுக்கு என வினவலாம். நம் முன்னோர் சாமையும் கேழ்வரகும் விளைத்து, மேட்டிலும் பள்ளத்திலும் சுமையோடு நடந்தவர். அவர்க்கு நடையை எவரும் விதிக்கவேண்டியிருந்ததில்லை. இன்றோ அக்கொல்லைகளிற் பெரும்பகுதி தேயிலைத் தோட்டமாயிற்று; அரிசி கடையினின்று வருகிறது; கோத்தகிரிக்குப் போக வண்டி வீட்டருகே நிற்கிறது. கேழ்வரகுக்கு மீண்டால் நோய் அணுகாது என்று சிலர் உரைப்பது மிகை. களியும் மாவுப் பண்டமே. அளவு மிகின் அதுவும் இரத்தத்திற் சர்க்கரையை ஏற்றும். தேநீர்மேலும் யாம் குறை சொல்லோம். ஆயினும் கரண்டிக்கு 4 கிராமாக, குவளைக்கு இரண்டு கரண்டி இட்டு, நாளொன்றுக்கு ஆறு குவளை பருகுவார் 48 கிராம் சர்க்கரை உண்கின்றார் என்பதைக் கணக்கிட்டுக் கொள்க.

குளுக்கோசு 75 கிராம் பருகி, இரண்டு மணி கழித்துச் சோதிக்க, இரத்தச் சர்க்கரை 140 முதல் 199 வரை காணப்பட்டவரே அவ்வாராய்ச்சியிற் சேர்க்கப்பட்டவர். அந்நிலையில் பெரும்பாலும் யாதொரு துன்பமும் தோன்றாது. ஆகவே பெற்றோர்க்கு நோயுள்ள வீட்டார் முப்பது வயதிலேயே சோதித்துக்கொள்ளல் வேண்டும். தந்தை மறைத்த நோயை மகன் எங்ஙனம் அறிந்து சோதனைக்குச் செல்வான்?