மீகடத்தியின் வரம்பு: ஓர் அளவீட்டின் வரலாறும் உழைப்பும்

அறிவியலின் வரலாறு பெரும்பாலும் பேராசிரியர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கருவியைச் செய்தோரும் அதன்முன் அமர்ந்து வாசிப்பை எடுத்தோரும் அதில் இடம்பெறுதல் அரிது. மீகடத்திக் கம்பி தாங்கும் மின்னோட்டம் வெப்பநிலையோடு மாறுவதை அளந்த வரலாற்றை இந்நோக்கில் மீள வாசிப்பது பயனுடைத்தென நாம் கருதுகிறோம்.

1908 இல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் கமர்லிங் ஒன்ஸ் ஈலியத்தைத் திரவமாக்கினார். 1911 ஏப்பிரலில், மெல்லிய கண்ணாடிக் குழாயுள் உறைந்த இரச இழையின் மின்தடை, பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 269 பாகை செல்சியசில், அதாவது 4.2 கெல்வினில், திடீரென மறைந்தமை அங்கு அவதானிக்கப்பட்டது. தடையற்ற கம்பி எவ்வளவு ஓட்டத்தையும் தாங்கும் என்ற நம்பிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. ஓட்டம் ஒரு வரம்பைக் கடந்ததும் இழையின் முனைகளுக்கிடையே அழுத்த வித்தியாசம் சடுதியாகத் தோன்றியது. ஈலிய ஆவியைப் பம்பியால் உறிஞ்சி வெப்பநிலையைத் தாழ்த்தியபோது அவ்வரம்பு உயர்ந்தது; 4.2 கெல்வினை நெருங்கியபோது பூச்சியத்தை நோக்கி வீழ்ந்தது. இம்முடிவுகள் 1913 இல் வெளியாயின. ஓட்டம் தன்னைச் சுற்றி உண்டாக்கும் காந்தப்புலமே மீகடத்துநிலையை அழிக்கிறது என 1916 இல் அமெரிக்கரான சில்ஸ்பீ விளக்கினார். வெப்பநிலை உயர உயர, அவ்வழிவுக்குச் சிறிய புலமே போதுமானதாகிறது.

இவ்வளவீடுகள் பலரது கூட்டுழைப்பாகும். குளிரூட்டும் பொறிகளைப் பேணியவர் தொழினுட்பவியலாளர் கெரிற் பிளிம். 1911 இல் தடையை அளந்தவர் இளம் ஆய்வாளர் ஹோல்ஸ்ற். அவர்களுக்குத் துணைநின்றோர், நீலச் சட்டையால் ‘நீலப் பையன்கள்’ எனப்பட்ட பயிற்சித் தொழிலாளர். ஆயினும் அவ்வாண்டின் அறிக்கைகளுக்கு ஆசிரியராக நின்றவர் ஒன்ஸ் மட்டுமே. 1913 ஆம் ஆண்டின் நோபல் பரிசும் அவருக்கே கிட்டியது. ஆய்வுகூடத்தைத் தொழிற்சாலையின் ஒழுங்கோடு அமைத்த அவரது பெருமை இதனாற் குன்றாது. எனினும் தொழிற்சாலையின் ஒழுங்கோடு அதன் பெயர்மறைப்பும் உள்ளே புகுந்தது.

மலையகத்தார்க்கு இது புதிய செய்தியன்று. பூண்டுலோயாவின் தேயிலை தோட்டத்தின் பெயரைத் தாங்கியே கொழும்பு ஏலத்துக்குச் செல்கிறது. நாள்தோறும் கொழுந்தை நிறுத்துக் கொடுக்கும் பெண்ணின் பெயர் அதில் இல்லை.

இன்று நயோபியம்-தைத்தானியக் கம்பிகள் மருத்துவமனைகளின் எம்.ஆர்.ஐ. பொறிகளில் ஈலியக் குளிரில் இயங்குகின்றன. ஜெனீவாவின் 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள துகள் முடுக்கியின் காந்தங்கள் 1.9 கெல்வினுக்குக் குளிர்விக்கப்படுகின்றன. அக்குளிரில் கம்பி கூடிய ஓட்டத்தைத் தாங்கும் என்பது அதற்கொரு முக்கிய காரணம். அத்தகைய கம்பி ஒவ்வொன்றின் வரம்பையும் யாரேனும் அளந்தே தரவேண்டியுள்ளது. அவர்களையும் பெயர்சுட்டிக் கூறும்போதே அறிவியலின் வரலாறு முழுமை பெறும்.